திரிந்த நிலம்

இம்மலருக்கு வந்து சேர்ந்த கவிதைகளைத் திணைவாரியாகப் பகுத்து அச்சிடலாம் என்று மலர்க்குழுவில் ஒரு கருத்து எழுந்தது. பத்து ஆண்டுகளாக மாதந்தோறும் கூடிச் சங்கப் பாடல்களையும் புதுக்கவிதைகளையும் ஒருங்கே படித்துவரும் நம் வட்டத்திற்கு அது தக்க அமைப்பு என்றே எல்லார்க்கும் பட்டது. மலையைப் பாடியவை ஒரு கட்டு, கடலைப் பாடியவை ஒரு கட்டு என்று பிரிக்கத் தொடங்கினோம். பணி விரைவாகவே நடந்தது. நம் இளங்கவிஞர் ஒருவர் தம் ஊர்க் கண்மாயைப் பற்றி எழுதிய கவிதையில் வந்து அது நின்றுவிட்டது.

கண்மாய், மடை, கலுங்கு, வரப்பு என்று சொற்களெல்லாம் மருதத்துச் சொற்கள். ஆனால் கவிதைக்குள் ஒரு துளி நீர் இல்லை. கண்மாயின் உள்வாய் முழுவதும் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர்களின் புகை எழுகிறது. கரை மீது நின்று ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். "இது பாலை" என்றார் நம் மூத்த புலவர். கவிஞர் ஒப்பவில்லை. "ஐயா, கிராமக் கணக்கில் அடங்கலைப் பாருங்கள், எங்கள் நிலம் இன்றும் நஞ்சை என்றே இருக்கிறது" என்றார். இருவர் சொல்லிலும் உண்மை இருந்தது. அன்று முடிவு காணாமலே கலைந்தோம். இக்கட்டுரை அந்த வழக்கிலிருந்து பிறந்தது.

திணை என்றவுடன் ஐந்து நிலம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். தொல்காப்பியர் சொல்வது அதுவன்று. மாயோன், சேயோன், வேந்தன், வருணன் என்னும் தெய்வங்களை முறையே காட்டுக்கும் மலைக்கும் வயலுக்கும் கடற்கரைக்கும் உரியவராக்கி நான்கு நிலங்களையே அவர் வகுக்கிறார். பாலைக்கு அவர் நிலம் தரவில்லை, தெய்வமும் தரவில்லை. நடுவுநிலைத் திணை என்று பெயரிட்டு, நண்பகலையும் வேனிலையும் அதற்கு உரிய பொழுதாக்கி, பின்பனியையும் உடன் சேர்க்கிறார். கொற்றவையும் எயினரும் ஓமை மரமும் பருந்தும் பாலைக்கு உரியவையாக இலக்கண நூல்களில் நிலைபெற்றது பின்னர்தான். ஆக, தொடக்கத்தில் பாலை ஓர் இடத்தின் பெயராக இருக்கவில்லை. ஒரு காலத்தின் பெயராக, ஒரு நிலைமையின் பெயராக இருந்தது.

இதனைத் தெளிவாகச் சொன்னவர் இளங்கோவடிகள். மதுரைக் காண்டத்தின் முதற்காதையான காடுகாண் காதையில், கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரைக் கடந்து செல்லும் வழியில் மாங்காட்டு மறையோன் ஒருவனைச் சந்திக்கின்றனர். மதுரைக்கு வழி கேட்ட கோவலனிடம் அவன் முதலில் சொல்வது வழியை அன்று. அவர்கள் வந்த வேளை சரியில்லை என்பதைத்தான். கதிரவனாகிய வேந்தன் வேனிலோடு கூடித் தன் நற்பண்பிலிருந்து மாறிவிட்டான். அதனால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு, தம்மிடத்து வாழ்வார்க்குத் துயர் விளைவித்துப் பாலை என்னும் வடிவத்தை மேற்கொண்டுள்ளன என்பது அவன் கூற்றின் பொருள். இதனைப் பாலைக்கு இலக்கணம் கூறும் இடமாகவே நாம் மேற்கோள் காட்டிவருகிறோம். நிலம் திரிந்ததற்கு அவன் காரணமும் காட்டுகிறான் என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. காரணம் காட்டும்போது அவன் கையாளும் உருவகம் ஆட்சி பற்றியது. மன்னன் முறை பிறழ்ந்தால் குடிகள் கெடுவது போல நிலம் கெட்டது என்கிறான். முறை பிறழ்ந்த ஒரு மன்னனின் ஊருக்குத்தான் அவர்கள் சென்றுகொண்டிருக்கிறார்கள் என்பது கேட்பவர்க்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

அவன் சொல்லும் வழி கொடும்பாளூர்க் குளக்கரையில் மூன்றாகப் பிரிகிறது. ஒன்று சிறுமலைப் பக்கமாகச் செல்வது. ஒன்று அழகர்மலை வழியாகச் செல்வது. மற்றொன்று இரண்டிற்கும் இடையே செல்வது. நம் சிவகங்கைச் சீமைக்காரர்களுக்கு இது ஏட்டு வழியன்று. மழை பொய்த்த ஆண்டின் சித்திரையில் இவ்வழியே பேருந்தில் சென்றவர்கள், மறையோன் மிகைப்படுத்தவில்லை என்பதை அறிவார்கள்.

பாலை எவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்திருந்தது என்பதற்கு அகநானூற்றின் அமைப்பே சான்று. அதன் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் பெற்றவை எல்லாம் பாலை. அதாவது 200. குறிஞ்சிக்கு 80, ஏனைய மூன்றுக்கும் நாற்பது நாற்பது. நிலமே இல்லாத திணைக்குத் தொகையில் பாதி! பிரிவே கவிதைக்கு வளமான பொருள் என்பதால் இப்படி அமைந்தது என்பார்கள். ஒப்புக்கொள்ளலாம். எனினும் அப்பாடல்களில் வற்றிய சுனையும், நிழலற்ற மரமும், நீர் தேடி அலையும் யானையும் இத்தனை நுட்பமாக வருவதற்குப் பிரிவுத் துயரம் மட்டும் போதாது. வறண்ட நிலத்தைக் கண்ணால் கண்டவர்கள், ஒருமுறையன்றிப் பலமுறை கண்டவர்கள் பாடியவை அவை.

இங்கே ஒரு சிக்கலைப் பேசியாக வேண்டும். மேடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. பழந்தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர், அவர்கள் நிலத்திற்கு ஒரு தீங்கும் செய்தாரில்லை, திணைக்கோட்பாடே அதற்குச் சான்று என்பது அப்பேச்சு. நானும் அப்படிப் பேசியவன்தான். பத்துப்பாட்டை ஊன்றிப் படித்தபின் அப்படிப் பேசக் கூச்சமாக இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் கரிகாலனின் பெருமைகளை அடுக்குமிடத்தில், காட்டை வெட்டி ஊர்களாக்கியதையும் குளங்கள் தோண்டியதையும் ஒரே மூச்சில் புகழ்கிறார். காடு அழிந்தது அவருக்குக் குறையாகத் தோன்றவில்லை, வெற்றியாகவே தோன்றுகிறது. அதே பாட்டில் கரிகாலன் பகைவர் நாட்டை என்ன செய்தான் என்பதும் வருகிறது. கரும்பும் செந்நெல்லும் நின்ற வயல்களில் புல்லும் கோரையும் மண்ட, மான்கள் துள்ளித் திரிந்தனவாம். மருதம் பாழானதைப் பாடும் அப்பகுதியின் அழகு படிப்பவரை மயக்கும். அது ஒரு பேரழிவின் வருணனை என்பது மறந்தே போகும்.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியும் இத்தகையதே. பத்துப்பாட்டில் மிக நீண்டதான அதன் 782 அடிகளுக்குள் பாண்டிய நாட்டின் ஐந்திணை வளமும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அதற்கு முன்னரே நெடுஞ்செழியனின் படை புகுந்த நாடுகளின் நிலை சொல்லப்பட்டுவிடுகிறது. காவல் மரங்கள் வீழ்ந்தன, விளைநிலங்கள் எரிந்தன, மக்கள் குடியிருந்த இடங்களில் விலங்குகள் குடிபுகுந்தன. தன் நாட்டில் ஐந்திணை தழைக்க, பிறர் நாட்டில் திணைகள் குலைகின்றன. புலவர் இரண்டையும் ஒருவனுடைய புகழாகவே பாடுகிறார். ஆயினும் நிலையாமையை அறிவுறுத்துவதற்காக எழுந்த பாட்டு அது என்பதால், இந்த அழிவுப் பட்டியலை அந்த மன்னன் எந்த மனத்தோடு கேட்டிருப்பான் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

இந்தச் சான்றுகளால் சங்கப் புலவர்களின் மதிப்புக் குறைவதாக நான் கருதவில்லை. நிலம் மாறக்கூடியது, அதை மாற்றுவது மனிதன் கை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குறிஞ்சி என்றும் குறிஞ்சியாகவே இருக்கும் என்று நம்பியவர்கள் நாம், அவர்கள் அல்லர்.

இத்தெளிவு முழுமையாக வெளிப்படும் இரண்டு பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன. இரண்டும் குளத்தைப் பற்றியவை. ஒன்று குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் கூறிய அறிவுரை, 18-ஆம் பாட்டு. உணவு கொடுத்தவரே உயிர் கொடுத்தவர். உணவு என்பது நிலமும் நீரும் கூடியது. வானத்தை மட்டும் நம்பியிருக்கும் நிலம் எவ்வளவு பரந்திருந்தாலும் ஆள்பவனுக்கு உதவாது. ஆகவே பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கு என்கிறார். போர் வெற்றியால் செருக்குற்ற ஒருவனைப் பார்த்து இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். வைகைப் படுகையின் புவியியலை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை என்பது என் எண்ணம். மேற்கே மலை, கிழக்கே சரிந்து செல்லும் மண், ஆண்டில் சில வாரங்களே கொட்டும் மழை. தேக்காவிட்டால் பாலை. தேக்கினால் மருதம்.

மற்றது கபிலர் பாடிய 118-ஆம் பாட்டு. பாரியின் பறம்புமலை இன்று சிங்கம்புணரிக்கு அண்மையில் உள்ள பிரான்மலை என்பது அறிஞர் பலர் கொண்ட முடிவு. திருஞானசம்பந்தர் பாடிய கொடுங்குன்றம் என்னும் தலமும் அதுவே. மூவேந்தரும் முற்றியிருந்த காலத்தில் கபிலர் பாடிய 109-ஆம் பாட்டு நாம் பலமுறை மேடையில் கேட்டது. உழவர் உழாமலே அம்மலை மூங்கில்நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் தரும், ஆகவே முற்றுகையால் அதை வெல்ல முடியாது என்று அதில் செம்மாந்து பேசுகிறார். மலை தானே கொடுக்கும் என்ற நம்பிக்கை அந்தப் பாட்டில் இருக்கிறது. பாரி இறந்தபின் பாடிய 118-ஆம் பாட்டில் அந்த நம்பிக்கை இல்லை. பாறைகளும் குன்றுகளும் சூழ்ந்த இடத்தில், எட்டாம் நாள் திங்களைப் போல வளைந்த கரையை உடைய ஒரு சிறு குளம். தெளிந்த நீர் நிறைந்த அந்தக் குளம் இப்போது உடைந்து அழிகிறதே என்கிறார். பாட்டு அவ்வளவுதான், ஐந்தே அடி.

அந்தக் குளத்தை உடைத்தது யார்? பகைப்படை உடைத்ததாகக் கபிலர் சொல்லவில்லை. மழை மிகுந்து உடைந்ததாகவும் சொல்லவில்லை. காப்பவன் இல்லை, கரை உடைகிறது. கண்மாய்ப் பாசன ஊரில் பிறந்தவருக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. கரையில் எலிவளை விழுந்தால் அன்றே அடைக்க வேண்டும். மடையில் கசிவு கண்டால் களிமண் வைத்து இறுக்க வேண்டும். கோடையில் ஊரார் கூடி வண்டல் அள்ள வேண்டும். வரத்துக்கால் தூர்ந்துபோகாமல் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அடுத்த மழை பார்த்துக்கொள்ளும். தான் இழந்த நண்பனுக்காக எத்தனையோ பாடல்கள் பாடிய ஒருவர், அந்த இழப்பின் அளவைக் காட்ட ஒரு சிறு குளத்தின் கரையைத் தேர்ந்துகொண்டார். மலை அப்படியேதான் நிற்கிறது. ஊர் ஊராகக் கட்டிக் காத்ததுதான் முதலில் போகிறது.

வைகையின் வரலாறும் இதே கண்ணோடு பார்க்கத்தக்கது. பரிபாடல் 70 பாடல்களைக் கொண்டது என்றும், அவற்றுள் 26 வையைக்கு உரியவை என்றும் பழைய குறிப்பு கூறுகிறது. நமக்கு முழுமையாகக் கிடைத்தவை 22. அவற்றுள் வையைப் பாடல்கள் எட்டு. உ. வே. சாமிநாதையர் 1918-இல் அதை அச்சேற்றினார். புதுப்புனல் மலைப்பூக்களை வாரிக்கொண்டு வருவதும், மதுரையே திரண்டு நீராடப் போவதுமாக அவை ஒரே ஆரவாரம். இன்று மதுரைப் பாலத்தின் மீது நின்று அவற்றைப் படிப்பவர், புலவர் வேறு ஏதோ ஆற்றைப் பாடினாரோ என்று ஐயுறக்கூடும். ஆனால் வைகை கடலுக்கு முழுமையாகச் சென்று சேராத ஆறு என்பதை முன்னோரும் அறிந்தேயிருந்தனர். சிவபெருமானுக்கு நஞ்சைத் தந்த பாவி கடல், அதனிடம் நான் போகமாட்டேன் என்று வைகை ஒதுங்கியதாகத் தனிப்பாடல் ஒன்று கற்பனை செய்கிறது. கற்பனை அழகியது, உண்மை அதைவிட அழகியது. ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடும் அந்த ஆற்றின் நீரை வழிநெடுகக் கால்களும் கண்மாய்களும் வாங்கிக்கொண்டன. எஞ்சியதை இராமநாதபுரம் பெரிய கண்மாய் வாங்கிக்கொண்டது. இராசசிங்கமங்கலம் கண்மாய்க்கு 48 மடை என்றும், நாரையாலும் ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாது என்றும் நம் பக்கத்தில் வழங்கும் சொலவடை அந்தப் பெருமிதத்தின் எச்சம். ஆற்று நீர் கடலில் கலப்பது வீண் என்று இன்று அரசியல் மேடைகளில் பேசுவது வேறு. கலக்காமல் ஊர்களுக்குள் பங்கிட்டுக் காட்டியது வேறு.

ஆற்றையே திருப்பிய கதையும் வைகைக்கு உண்டு. சேதுபதி அரசின் பிரதானி முத்திருளப்பபிள்ளை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெரியாற்றைக் கிழக்கே திருப்ப எண்ணிப் பார்த்துச் செலவுக்கு அஞ்சிக் கைவிட்டார் என்பர். 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையால் அது நிறைவேறியது. மேற்குக் கடலுக்குரிய நீர் மலையைக் குடைந்த வழியில் வைகைக்கு வந்தது. ஆக, இன்று மதுரை மாவட்டத்தில் நாம் காணும் மருதத்தில் ஒரு பங்கு நூற்றாண்டு கடந்த பொறியியலின் படைப்பு. அதனால் அது பொய்யான மருதம் ஆகிவிடாது. கரிகாலன் குளம் தோண்டி உண்டாக்கிய மருதத்தைப் போலவே இதுவும் ஒன்று.

1959-இல் திறக்கப்பட்ட வைகை அணைக்கு வேறொரு முகம். அது பல ஊர்களை நீரில் ஆழ்த்தியது. கவிஞர் வைரமுத்துவின் குடும்பமும் அவ்வாறு இடம்பெயர்ந்து வடுகபட்டிக்கு வந்தது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த 'கள்ளிக்காட்டு இதிகாசம்' 2001-இல் நூலாகி 2003-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அது உரைநடைப் புதினம். நம் வழக்குக்குப் புறம்பானது என்று சிலர் கூறலாம். ஆனால் அது எழுப்பும் கேள்வி நம்முடையதே. நீர் இல்லாமல் திரிந்த நிலம் பாலை என்றால், நீர் நிறைந்து திரிந்த நிலத்திற்கு என்ன பெயர்? கீழ்நாட்டில் மருதம் தழைக்க மேல்நாட்டில் ஒரு வானம்பார்த்த சீமை மூழ்கியதே, அதைப் பாட நம் இலக்கணத்தில் சொல் இருக்கிறதா?

இனிச் சீமைக்கருவேலுக்கு வருவோம். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த அம்மரம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்குவதற்காகவும் அதைப் பரப்பினார்கள்; நல்லெண்ணத்தோடுதான் பரப்பினார்கள். இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் அது கண்மாய்களையும் கால்களையும் கைவிடப்பட்ட வயல்களையும் பற்றிக்கொண்டது. 2017-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றுமாறு ஆணையிட்டபோது ஊர்தோறும் இயந்திரங்கள் வந்தன. வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்கே தளிர்த்ததையும் பார்த்தோம்.

கவிஞர்கள் இம்மரத்தை அரக்கனாக்கிப் பாடுவதை நம் கூட்டங்களிலேயே பலமுறை கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. வயல் பொய்த்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தக் கரிமூட்டம்தான் அடுப்பெரித்தது. மரம் வந்ததால் கண்மாய் கெட்டது என்பது பாதிதான். கண்மாயைப் பேணுவோர் குறைந்ததால் மரம் புகுந்தது என்பது மறுபாதி. கபிலர் இருந்தால் மரத்தைப் பழித்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். நம் நாட்டுக் கருவேலின் நிலை வேறு. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களில் நீர் நிற்கும் ஆண்டுகளில் வலசைப் பறவைகள் அதன் மீதுதான் கூடு கட்டுகின்றன. நம் மாவட்டத்து வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி மக்கள் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஒரு கருவேல் அடையாளம். மற்றொரு கருவேல் ஆக்கிரமிப்பு. கவிதையில் வெறுமனே 'முள்மரம்' என்று எழுதிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். மரத்தின் பெயரைப் பிழையின்றி எழுதுவதில் சங்கப் புலவர்களுக்கு இருந்த கவனம் நமக்கு இல்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

மலைகளின் கதையை நீட்டவில்லை. மேலூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். குன்று நின்ற இடத்தில் நீர் தேங்கிய குழி நிற்கிறது. தமிழி எழுத்தும் சமணர் படுக்கையும் கொண்ட அரிட்டாபட்டியை 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். 2024-இல் அப்பகுதியை உள்ளடக்கிய சுரங்க ஏலம் பற்றிய செய்தி வந்தது. மக்கள் எழுந்து நின்றார்கள். 2025 சனவரியில் அது கைவிடப்பட்டது. பறம்பு முற்றப்பட்டதை ஏட்டில் படித்த நாம் இதை நாளிதழில் படித்தோம்.

நம் இளங்கவிஞரின் கவிதைக்குத் திரும்புகிறேன். மூத்த புலவர் பாலை என்றது சரி. ஆனால் அவர் கருதிய பாலை, பருந்தும் ஓமையும் உள்ள இலக்கணப் பாலை. கவிஞர் நஞ்சை என்றதும் சரி. அந்தச் சொல்லை அவர் விட்டுக்கொடுக்காததில் ஓர் உரிமைக்குரல் இருக்கிறது. அடங்கலில் நஞ்சை என்பது அழிந்தால் அந்தக் கண்மாய்க்கு வரவேண்டிய நீரின் மீது ஊருக்கு உள்ள உரிமையும் அழியும். முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையானதை இளங்கோவடிகள் பாடினார்; மருதம் அப்படித் திரிவதை அவர் தம் சூத்திரத்தில் சேர்க்கவில்லை. உருத்திரங்கண்ணனாரும் மருதனாரும் அதைப் பார்த்தார்கள். போரின் விளைவாகப் பார்த்தார்கள். போர் எதுவும் நடவாமலே ஒரு மருதம் திரிந்ததைப் பாடியவர் கபிலர் ஒருவரே என்று தோன்றுகிறது. அவரும் அதற்குத் திணைப்பெயர் தேடவில்லை. புறத்திணையில் அது பொதுவியல் என்றும் கையறுநிலை என்றும் வகுக்கப்பட்டிருக்கிறது.

மலர்க்குழுவின் அடுத்த கூட்டத்தில் இவற்றையெல்லாம் சொன்னேன். பட்டினப்பாலை முழுவதும் காவிரிப்பூம்பட்டினத்தின் வளமே நிறைந்திருந்தும், தலைவன் பிரியாமல் நின்றுவிட்டதைச் சொல்வதால் அது பாலைப்பாட்டு என்றே வழங்குகிறது என்பதையும் நினைவூட்டினேன். "அப்படியானால் நீரே இல்லாத கவிதையை மருதத்தில் வைப்பதற்குத் தடை என்ன?" என்று கவிஞர் உடனே கேட்டார். புலவர் ஐயா சிரித்துவிட்டார். ஆனால் அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாகச் சொல்லவில்லை. மெய்ப்புப் பார்க்கும் பொறுப்பு அவருடையது. அக்கவிதை இம்மலரில் எந்தத் தலைப்பின் கீழ் வந்திருக்கிறது என்பதை உங்களோடு சேர்ந்துதான் நானும் பார்க்கப் போகிறேன்.